எங்க நிறுத்துறாங்க?

சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் கெமிஸ்ட்ரி. வேதியியல் படித்த பெண் என்று சேர்ந்த அன்றே யாரோ சொல்லிவிட, இயந்திரங்களுக்குச் சோப்புத் தூள் கொட்டுகிறவர், "அப்ப நம்ம ஆளு" என்று சத்தமாக அறிவித்தார். உண்மையில் அவள் சோப்பு பக்கமே வரவில்லை. மாடியில், மனிதவளத் துறை என்று பலகை மாட்டிய அறையில், அந்தத் துறையைக் கவனிக்கும் மேடத்துக்கு உதவியாகப் பயிற்சிக்கு வந்திருந்தாள். மாலையில் அதே துறையை வகுப்பில் உட்கார்ந்து படித்தாள்.

வீட்டில் அண்ணனுக்கு இது தீராத வேடிக்கை.

"மண்வளம் தெரியும், நீர்வளம் தெரியும். அதென்னடி மனிதவளம்? தோண்டி எடுப்பீங்களா?"

"நீ சும்மா இருடா" என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுக்காரங்க பேசினாலே உள்ள ஓடிப் போற பொண்ணு, நாலு பேரோட பேசுற வேலைக்குப் போறா. அதுவே எனக்கு அதிசயமா இருக்கு."

உண்மையில் அதிசயமாக இருப்பது அவளுக்குத்தான். ஆய்வகத்தில் ஒரே அளவு எடுத்தால் ஒரே விளைவு வரும். இங்கே ஒவ்வொரு ஆளும் தினம் ஒரு அளவில் வந்தார்கள். ஒருவர் தூங்காமல், ஒருவர் சண்டை போட்டுவிட்டு, ஒருவர் பல்வலியோடு. ஆனாலும் விடிந்தால் மருத்துவமனைகளுக்குப் போகும் லாரி நிறைந்துதான் போனது. இது எப்படி நடக்கிறது என்று வகுப்பில் ஒரு பாடத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர்களை எழுதிக்கொண்டாள். வியப்பு குறையவில்லை.

ஆலையின் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். துவைக்கும் இயந்திரங்கள் சுவருக்குள்ளேயே பதிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கக் கதவு வழியாக ரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகள் உள்ளே போகும். அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் வெள்ளையாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் வருவதில்லை. துணி மட்டும்தான் சுவரைக் கடக்கும்.

சுத்தப் பக்கத்தில் ரோலர் இருந்தது. ஈரத் துணியைக் காய வைத்துத் தேய்க்கும், ஆள் உயரத்தைவிட நீளமான சூடான உருளை. ஈரம் பிழிந்த விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து, ஒரே நேரத்தில் அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலும் துணி கோணிப் போகும். இவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை, ஒருவரை ஒருவர் பார்ப்பதுமில்லை. வந்த முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று அவள் கையில் இருந்த டீயை ஆறவிட்டாள்.

அந்த இருவரில் மூத்தவரைத்தான் ரோலர் அக்கா என்பார்கள். வயதில் மூத்தவர், வேலைக்கு வந்ததில் கடைசி. ஒரு தையல் கம்பெனி மூடிய பிறகு இங்கே வந்தவர். கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். சம்பாதிக்கும் கை அக்காவுடையது மட்டும்தான். அவரோடு எதிர்முனை பிடிக்கும் பெண்ணை எல்லோரும் சின்னவள் என்பார்கள்.

அந்த மாதம் ஆலைக்கு இரண்டு பொருள்கள் வந்து இறங்கின. ஒன்று, ரோலருக்குத் துணியைத் தானே விரித்துக் கொடுக்கும் இயந்திரம். அது ஓட ஆரம்பித்தால் இருவர் வேலைக்கு ஒருவர் போதும். இன்னொன்று, கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கு எரியும் மேசை. அறுவை சிகிச்சை அறைக்குப் போகும் பச்சைத் துணியை அதன்மேல் விரித்து, ஊசித் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"மேடம், லைட் மேசைக்கு ஒரு ஆள் நிறுத்துங்க, ஆள் நிறுத்துங்கன்னு எத்தனை தடவை கேக்குறது?" என்று சூப்பர்வைசர் மாடிப்படியிலேயே குரல் கொடுப்பார்.

"வெளியில இருந்து அனுபவம் உள்ள ஆளா பாக்குறோம். பொறுங்க" என்பாள் மேடம்.

அப்போதுதான் மேடத்தின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. மேடம் விடுப்பில் போனாள். வெள்ளிக்கிழமை காலை, மருத்துவமனை வராந்தாவிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கெமிஸ்ட்ரி, புது மெஷின் திங்கள்கிழமை ஓட ஆரம்பிக்குது. ரோலர் அக்காவைத் திங்கள்ல இருந்து நிறுத்திடு. சேர வேண்டியதெல்லாம் முறையா கொடுத்துடலாம், நான் வந்து பாத்துக்கறேன். நீ கூப்பிட்டுப் பக்குவமா சொல்லிடு."

அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள்தான் வந்தன. ஆட்குறைப்பில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதை வகுப்பில் படித்திருந்தாள். அங்கே அது நியாயமான விதியாகத்தான் இருந்தது. தனக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று யாரும் கை வைக்க முடியாத விதி என்று பரீட்சையில்கூட எழுதியிருந்தாள். அந்த விதிக்கு அப்போது அக்காவின் இருமல் இல்லை, அவருடைய நசுங்கிய டிபன் பாக்ஸ் இல்லை.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கும் வகுப்பில் முறை உண்டு. உட்கார வைக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு, கேட்டவருக்கு அவகாசம் தர வேண்டும். வாயை மூடிக்கொள்வது அவளுக்குப் பிறவியிலேயே வரும். முதல் வாக்கியம்தான் பயம். கழிவறைக் கண்ணாடி முன் நின்று பழகினாள். "அக்கா, உங்களை வேலையை விட்டு நிறுத்துறாங்க." கண்ணாடியில் இருந்தவள்தான் முதலில் அழுவாள் போலிருந்தது.

இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டுவிட்டு ஆள் அனுப்பினாள். அக்கா கையைத் துடைத்தபடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன பாப்பா, டாக்டர் மாதிரி நாற்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்கே? ஊசி கீசி போடப் போறியா?"

அவள் சிரிக்க முயன்றாள். பழகி வைத்த வாக்கியத்தை எடுத்தாள். நடுவில் இரண்டு சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவற்றை மென்று விழுங்கி, மீதியை மட்டும் சொன்னாள்.

"அக்கா... மேடம் உங்களைத் திங்கள்கிழமைல இருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு, வகுப்பில் சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா அவளைப் பார்த்தார். கீழே உருளை சுற்றும் சத்தம் தரை வழியாகக் காலில் அதிர்ந்தது.

"எங்க?" என்றார் அக்கா.

அவளுக்குப் புரியவில்லை.

"எங்க நிறுத்துறாங்க? லைட் மேசையிலயா?"

அந்தக் கணத்தில்தான் அவள் பார்த்தாள். நிறுத்து என்ற சொல்லும் சுவரில் பதிந்த அந்த இயந்திரம் மாதிரிதான். அதற்கும் இரண்டு கதவு. அவள் ஒரு பக்கமாக உள்ளே போட்டிருந்தாள். அக்கா மறுபக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து பேசி வந்த சொல். அதற்குள் இவ்வளவு இடம் இருப்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

"ம்" என்று வந்தது.

சரி என்று சொல்ல நினைத்து வந்ததல்ல. கூச்சப்படுகிறவர்களுக்குப் பதில் தெரியாதபோது வருமே, அந்த ம். ஆனால் அக்காவின் முகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சூட்டில் காய்த்துப்போன, வழவழப்பான உள்ளங்கை.

"அந்தச் சூட்டுல நின்னு நின்னு தோள்பட்டை போச்சு பாப்பா. வாய்விட்டுக் கேக்க பயம். கடைசியா வந்தவ, கேட்டா இருக்கறதும் போயிடுமோன்னு. நான் கேக்காமலே கொடுத்துட்டீங்களே!"

அக்கா படியிறங்கி முடிப்பதற்குள் கீழ்த்தளம் முழுவதும் தெரிந்துவிட்டது. சின்னவள் துள்ளுவது மாடிக் கண்ணாடி வழியே தெரிந்தது. சூப்பர்வைசர் நேராக மேலே ஏறி வந்தார்.

"நான் தொண்டை கிழியக் கத்தினேன், நடக்கல. வாயே திறக்காத பொண்ணு ஒரே நாள்ல முடிச்சுட்டியேம்மா!"

"நம்ம ஆளுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று அவர் பின்னாலிருந்து சோப்புக்காரர் குரல் வந்தது.

அவள் மேடத்துக்குச் செய்தி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். கடைசியில் 'சொல்லிட்டேன் மேடம்' என்று மட்டும் அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'பேத்தி பிறந்திருக்கா. ரோலர் அக்கா அழுதாங்களா?'

'இல்ல மேடம்.'

'பாவம். நல்ல மனுஷி.'

அன்று வீட்டில் விஷயத்தைக் கேட்ட அண்ணன், முதல் தடவையாக வேடிக்கை பேச மறந்தான். "ம்னா சொன்ன? உன்னோட ஒரு ம் மேல ஒரு குடும்பமே நிக்குதேடி."

"மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிடு" என்றாள் அம்மா. "நாள் ஆக ஆகத்தான் அந்த அம்மாவுக்கு வலி அதிகம்."

அம்மா சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. போனைக் கையில் எடுத்தாள். அழைத்தால் மேடம் என்ன சொல்வாள் என்பதும் தெரிந்தது. கீழே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அக்கா துவைத்து மடிப்புக் கலையாத சீருடையில் வந்தார். லைட் மேசை சுத்தப் பக்கத்தின் மூலையில், கறுப்புத் திரை கட்டிய மறைப்புக்குள் இருந்தது. கெமிஸ்ட்ரி அதுவரை விளக்கு எரிந்து பார்த்ததில்லை. திரையை விலக்கினாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

பச்சைத் துணி மேசை முழுக்க விரிந்து கிடந்தது. கீழிருந்து வெளிச்சம் இழை இழையாக ஏறி வந்தது. குறுக்கே ஒரு நூல், நெடுக்கே ஒரு நூல், எண்ணிவிடலாம் போல. அக்காவின் கை அதன்மேல் நகரும்போது நிழலும் கூடவே நகர்ந்தது. ஓரிடத்தில் கை நின்றது. அங்கே ஒரு புள்ளி வெளிச்சம், வானத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் மாதிரி. அக்கா அதைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டார். சூப்பர்வைசர் அதன்மேல் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி அழுத்தினார். நட்சத்திரம் அணைந்தது.

"இது வழியா என்ன போகும் பாப்பா, இத்தனூண்டு ஓட்டைல?"

"கிருமி போகும்க்கா" என்றாள் அவள். "கிருமிக்கு இது பெரிய வாசல்."

அக்கா சாக்கட்டியை மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு, "இந்தத் துணிய விரிச்சு வெச்சுட்டுத்தான் ஒருத்தரோட வயித்தத் திறப்பாங்க, இல்ல?" என்றார். பார்த்து முடித்த துணியை எடுத்து, மறுபடி முதல் முனையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் ரோலரில் சின்னவள் தனியாக நின்று புது இயந்திரத்தோடு மல்லுக்கட்டினாள். முதலில் துணி கோணியது, சிக்கியது, அவள் திட்டினாள். மடிக்கும் மேசைப் பெண்கள் யாரும் சொல்லாமலே கொஞ்சம் தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டார்கள். வண்டி தள்ளுகிறவர் ஈரத் துணியைத் தூரத்தில் கொட்டிவிட்டுப் போகாமல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மதியத்துக்குள் எல்லாம் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. முறைசாரா அமைப்பு என்று வகுப்பில் ஒரு பாடம் உண்டு. கரும்பலகையில் அதிகாரக் கோடுகளைக் கெட்டியாகப் போட்டுவிட்டு, இதை மட்டும் புள்ளிக்கோட்டால் போட்டிருந்தார்கள். அந்தப் புள்ளிக்கோடு தன் கண்ணெதிரே வியர்த்துக்கொண்டு நடமாடுவதை அவள் மெய்ம்மறந்து பார்த்தாள். மேடம் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கலைந்துவிடும்.

புதன்கிழமை மேடம் வந்தாள். மாடிக்கு ஏறும் முன் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவள் வழக்கம். கெமிஸ்ட்ரி படியின் மேல்முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் கறுப்புத் திரையை விலக்குவது தெரிந்தது.

"மேடம்! பேத்தியாமே! நல்லா இருப்பீங்க மேடம்" என்றது அக்காவின் குரல். "என்னை இங்க நிறுத்தினீங்களே, அதுக்கும் சேத்துச் சொல்றேன்."

மேடம் அசையாமல் நின்றாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்ததும் அதேதான்.

"ம்."

மாடி அறையில் கதவைச் சாத்திவிட்டு மேடம் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"நீங்க சொன்னதைத்தான் மேடம். நிறுத்தச் சொன்னாங்கன்னு."

"நான் வேலையை விட்டு நிறுத்தச் சொன்னேன்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

"அவங்க எங்கன்னு கேட்டாங்க."

மேடம் கையில் எடுத்த மூக்குக்கண்ணாடியைப் போடாமல் வைத்திருந்தாள்.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கேன்" என்றாள் கடைசியில். "ஏன்னு கேட்டிருக்காங்க. எப்பன்னு கேட்டிருக்காங்க. நான்தான் கிடைச்சேனான்னு கேட்டிருக்காங்க. எங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

ஜன்னல் பக்கம் திரும்பினாள். "மேசைக்கு வெளியில இருந்து ரெண்டு பேரைப் பேசி வெச்சிருக்கேன். மத்தியானம் வராங்க. ஒரு ஆள் குறையுதுன்னு டைரக்டர்கிட்ட சொல்லியாச்சு. இப்ப ஒண்ணு, கீழ போய்த் தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லணும். இல்ல, மேல போய்ச் சரியாத்தான் நடந்திருக்குன்னு சொல்லணும். எது?"

"எனக்கு ரெண்டும் வராது மேடம்."

"மேல வா" என்று மேடம் செருப்பை மாட்டினாள்.

டைரக்டர் அறையில் ஏசி சத்தம் பெரிதாக இருந்தது. மேடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். செய்தியில் வேலையை விட்டு என்று சொல்லாமல் விட்டது தன் பிழை என்றாள். டைரக்டர் முகத்தைச் சுளித்தார்.

"மேசைக்கு அனுபவம் உள்ள ஆள் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கு இவ பதில் சொல்லுவா" என்றாள் மேடம்.

கறுப்புத் திரைக்குள் அணைந்த அந்த ஒற்றை நட்சத்திரம் அவள் கண்ணில் வந்தது. நல்லவேளை, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது.

"அந்த மேசைல அனுபவம் யாருக்குமே இல்ல சார். மேசையே இப்பத்தான் வந்துச்சு."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து தொடர்ந்தாள்.

"வெளியில இருந்து வர்றவங்க மேசையும் பழகணும், துணியும் பழகணும், இங்க இருக்கறவங்களையும் பழகணும். அக்காவுக்கு மேசை மட்டும்தான் புதுசு. ரோலர்ல ஒரு ஆள் குறைஞ்சாச்சு. மேசைக்கு ஒருத்தர் கூடுதலா வேணும். யாரை எடுத்தாலும் மொத்தம் அதேதான் சார்."

இவ்வளவையும் தான்தான் பேசினோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"ஒரு ஓட்டை விட்டுப் போச்சுன்னா?" என்றார் டைரக்டர். "பதில் சொல்லப் போறது நான்."

"வந்து பாருங்க சார்" என்றாள் மேடம்.

அவரும் அதுவரை விளக்கு எரிந்து பார்த்ததில்லை போலும். திரைக்குள் நுழைந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். அக்கா புதுத் துணி ஒன்றை விரித்தார். மூவரும் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அக்கா துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். மடிப்போரத்தில் ஒரு புள்ளி கண் விழித்தது. டைரக்டர் விரல் நுனியை அதன்மேல் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மூணு மாசம் பாருங்க" என்றார் மேடத்திடம். "சூப்பர்வைசர் ரெண்டாவது தடவை பாக்கட்டும். சரியா இருந்தா இவங்களையே உறுதி பண்ணிடுங்க." போகும்போது திரையைத் தானே மெதுவாக மூடிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்குப் பாப்பா எல்லாரும் கூட்டமா வந்து பாக்குறாங்க?"

மேடம் முந்திக்கொண்டாள். நடந்தது முழுவதையும் அங்கேயே நின்று சொன்னாள், வேலையை விட்டு என்ற சொற்களையும் சேர்த்து. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்தில் அடித்தது. "அன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அக்கா அடுத்த துணியை எடுத்து விரித்தார்.

படியேறும்போது மேடம் திரும்பினாள்.

"மத்தியானம் வர்ற ரெண்டு பேர்கிட்ட நீ பேசு."

அவள் படியில் நின்றாள். அந்த இருவரை மறந்தே போயிருந்தாள். ஒருவரை நிறுத்திய இடத்தில் இன்னொருவர் நிற்க முடியாது. எந்த வகுப்பிலும் இதைக் கோடு போட்டுக் காட்டவில்லை. எவ்வளவு பெரிய வேலைக்குள் கால் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

இருவரில் ஒருவர் வரவேயில்லை. வந்தவள் அவள் வயதுக்காரி. மடியில் ஃபைலை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கெமிஸ்ட்ரி நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த இடத்துக்கு எங்க ஆள் ஒருத்தரையே நிறுத்திட்டோம். உங்களை வீணா வர வெச்சுட்டோம். மன்னிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெண் ஃபைலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"வேற எங்கயாவது இருக்குமா?"

ம் என்று தொண்டை வரை வந்தது. அவள் அதை வெளியே விடவில்லை.

"தெரியல" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்திருங்க. கேட்டுட்டு வந்துடறேன்."

படியிறங்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம், அழுக்குப் பக்கத்து வாசலுக்கு வெளியே, சூப்பர்வைசர் லாரிக்காரரோடு வாக்குவாதத்தில் இருந்தார். அவர் முடிக்கும் வரை காத்திருந்தால் நாள் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார்!" என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்கு லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "இங்க எங்கயாவது ஆள் நிறுத்தணுமா?"